சுண்டைக்காய் மூக்கில் ஒரு சுருள்

ஜப்பானில் ஷிமிஸு துறைமுகத்துப் பக்கம் தகினாமியின் முடிதிருத்தும் கடைக்குள் முதல்தடவை நுழைகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், வந்தது சலூன்தானா என்று. சீப்பும் தலைத்தைலமும் இருக்க வேண்டிய கண்ணாடி அலமாரியில் நாற்பத்தோரு போர் விமானங்கள் நின்றுகொண்டிருக்கும். எல்லாமே உள்ளங்கையில் அடங்குகிறவை. அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை நறுக்கி, உரசி, ஒட்டி, வண்ணம் பூசி அத்தனையும் அவர் கையால் செய்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் சும்மா இல்லாமல், "அந்தப் பச்சை விமானம் புதுசா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. அதன் இறக்கையில் எத்தனை பீரங்கி என்பதுவரை கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

தகினாமிக்கு வயது அறுபத்தொன்று. அப்பா வைத்த கடை. மனைவி கினுகோவும் அதே தொழிலுக்கு உரிமம் வாங்கியவள். இரண்டு நாற்காலி, இரண்டு சவரக்கத்தி, அதற்குமேல் அந்தக் கடைக்கு ஆளும் இல்லை, தேவையும் இல்லை. முப்பத்தைந்து வருடமாகச் செவ்வாய் முதல் ஞாயிறுவரை இருவரும் முதுகோடு முதுகு உரசாமல் அந்தச் சின்ன இடத்தில் சுற்றிச் சுற்றி வேலை பார்த்து வந்தார்கள்.

திங்கட்கிழமை சலூன்களுக்கெல்லாம் விடுமுறை. அன்று காலை தேநீர்க் குவளையைக் கழுவி வைத்த கையோடு தகினாமி பின்னறை ஜன்னலோர மேசைக்குப் போய்விடுவார். நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டால் பிறகு பூகம்பம் வந்தால்தான் எழுந்திருப்பார். அதுவும் சின்ன பூகம்பம் என்றால் விமானத்தை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார்.

இந்தக் குளிர்காலத்தில் எடுத்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் விமானம் ஒன்று. மேலே இரண்டு விதச் சாம்பல், அடிவயிற்றில் வெளிர்நீலம், பக்கவாட்டில் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்த புள்ளிகள். ஓட்டுபவரின் கண்ணாடிக் கூண்டுக்குச் சட்டம் தீட்டுவதுதான் பலருக்கும் தலைவலி. அதுகூட ஒரே திங்கட்கிழமையில் முடிந்துவிட்டது. பாக்கி மூக்கு மட்டும்தான். காற்றாடியின் நடுவில் இருக்கிற கூம்பு, சுண்டைக்காய் அளவு. அந்தக் கறுப்புக் கூம்பின் நுனியில் தொடங்கி அடிவரை ஒரே வெள்ளைச் சுருள் ஓட வேண்டும்.

இதற்கென்றே பெட்டிக்குள் ஒட்டுப்படம் தருகிறார்கள். தண்ணீரில் நனைத்து ஒட்டினால் ஐந்து நிமிட வேலை. தகினாமி ஒட்டமாட்டார். ஊரில் விமான மாடல் செய்கிறவர்கள் சங்கத்தில் முப்பது வருடமாக, "ஒட்டுப்படம் சோம்பேறிக்கு" என்று சொல்லி வந்த வாய் அது. அவருக்கு ஒரு முறை உண்டு. கூம்பைப் பல்குத்தும் குச்சியின் நுனியில் செருகி இடக்கை விரல்களால் பிடித்துக்கொள்வார். வலக்கையில் மூன்றே முடி உள்ள தூரிகை. இரண்டு முழங்கையும் மேசைமேல் ஊன்றி, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொள்வார். தூரிகை அசையாது, குச்சிதான் உருண்டபடி மெல்ல நகரும். கோடு தானாக விழும். இப்படி ஒன்பது விமானங்களுக்குச் சுருள் போட்டிருக்கிறார்.

பத்தாவதுக்கு வரவில்லை.

முதல் சுருள் வழிதவறிய எறும்பு போனமாதிரி இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி போட்டார். அதுவும் அப்படியே. தூரிகையைக் குறை சொல்லிப் புதுசு வாங்கினார். வண்ணம் தடித்துவிட்டது என்று நீர்க்க வைத்தார். பூதக்கண்ணாடியை மாற்றினார். மூன்றாவது திங்கட்கிழமை குறை சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. கண்ணாடிக்கு அடியில் பெரிதாகத் தெரிந்த தன் விரல்களைப் பார்த்தார். நடுங்கிக்கொண்டிருந்தன.

அவருடைய அப்பாவுக்கும் நடுக்குவாதம் இதே அறுபத்தொன்றில்தான் தொடங்கியது. கடைசி வருடங்களை நினைத்தால் தகினாமிக்கு இப்போதும் சோறு இறங்காது. ஊருக்கே முகம் வழித்துவிட்ட மனிதருக்கு மகன் முகம் வழிக்க வேண்டியிருந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார். இந்தச் சுருள் ஒழுங்காக வந்துவிட்டால் எனக்கு அந்த நோய் இல்லை. வராவிட்டால் அடுத்த திங்கட்கிழமை பார்க்கலாம். இப்படியே பிப்ரவரி போய் மார்ச்சும் வந்துவிட்டது.

இதற்கிடையில் சவரக்கத்தியைத் தொடுவதை நிறுத்திவிட்டார். முடிவெட்டுவதோடு சரி. "தோள் பிடிச்சிருக்கு, முகத்தை நீ பாத்துக்க" என்று கினுகோவிடம் தள்ளிவிடுவார். ஒருநாள் தோள், ஒருநாள் கண், ஒருநாள் இடுப்பு. முன்பெல்லாம் அவர் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டுகிற சத்தத்திலேயே கண் சொருகிப் போகிற பழைய வாடிக்கைக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் கினுகோவின் நாற்காலிக்கு மாறினார்கள். அது அவருக்கு இன்னும் வலித்தது.

மார்ச் கடைசித் திங்கட்கிழமை காலை கினுகோ பின்னறைக் குப்பைத்தொட்டியோடு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"ஏங்க, இந்த மூக்கை எத்தனை தடவை அழிச்சீங்க?"

"ஒரு நாலஞ்சு தடவை இருக்கும்."

"அறுபத்திமூணு பஞ்சுக்குச்சி கிடக்கு. எண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்."

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"நிறைய இருக்கு. உங்க வேலையையும் சேத்து ரெண்டு மாசமா நான்தானே செய்றேன். தோள் வலின்னு சொன்ன ஆளு பாறாங்கல்லு கனத்துக்கு இருக்கிற வார்ப்பிரும்புச் சட்டியைத் தூக்கி மேல் தட்டுல வைக்கிறீங்க. என்ன மறைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்கப்பாவை நானும்தானே பாத்தேன்."

தகினாமி தூரிகையைக் கீழே வைத்தார். அந்தப் பேச்சு வந்துவிட்டதே என்ற பயமும், நல்லவேளை நான் ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை என்ற நன்றியும் ஒரே நேரத்தில் வந்தன.

"சட்டையை மாத்துங்க. குனோ டாக்டர்கிட்ட போவோம்" என்றாள் கினுகோ.

குனோ டாக்டரின் மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. எழுபதைத் தாண்டியவர். வியாழக்கிழமை தவறாமல் இந்தக் கடையில் சவரம் செய்துகொள்கிறவர். அவரும் இந்த இரண்டு மாதமாக ஒன்றும் கேட்காமல் கினுகோவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்தான். கினுகோ வெளியே பெஞ்சில் இருக்க, தகினாமி மட்டும் உள்ளே போனார்.

விஷயத்தைக் கேட்ட டாக்டர் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நடுவுலேருந்து ஆரம்பிச்சு வெளியே வர்ற மாதிரி ஒரு சுருள் வரைங்க. பெரிசா, நிதானமா."

தகினாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்தில் எத்தனையோ இருக்க, இந்த மனிதர் போயும் போயும் சுருளையா கேட்க வேண்டும்? அதே நேரம் டாக்டரின் தொலைபேசி மணி அடித்தது. அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு யாருடைய ரத்தப் பரிசோதனையைப் பற்றியோ பேசத் தொடங்கினார்.

தகினாமி தப்புச் செய்ய வேண்டும் என்று நினைக்கவில்லை. உடம்பு முந்திக்கொண்டது. முழங்கை இரண்டும் மேசையில் ஊன்றின. இடது மணிக்கட்டு வலது மணிக்கட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. மூச்சு நின்றது. பேனாவை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு இடக்கை விரல்களால் காகிதத்தைச் சுற்றியபடி மெல்ல நகர்த்தினார். பாதிச் சுருளில்தான் தான் செய்வது என்ன என்று உறைத்தது. உறைத்த பிறகும் நிறுத்தவில்லை. அங்கேதான் அவர் செய்தது தப்பு. சுண்டைக்காயோடு ஒப்பிட்டால் இது எருமைக்குக் கோடு போடுகிற மாதிரி. நூல் பிடித்தமாதிரி வந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பிய டாக்டர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அட, அச்சுல எடுத்த மாதிரி இருக்கே! இதுக்கா இவ்வளவு பயந்தீங்க? தேநீரைக் குறைங்க, நல்லாத் தூங்குங்க. போங்க."

வெளியே வந்ததும் கினுகோ அவர் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையாம்" என்றார். அவள் பெஞ்சிலேயே இன்னொரு தடவை உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போகிற வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். இரண்டு மாதத்துப் பேச்சு.

மதியத்துக்குச் சிவப்புச் சோறு வைத்தாள். பேரன் பிறந்தால், பரீட்சை தேறினால் வைக்கிற, பயறு போட்டு வேகவைத்த சோறு. மேலே எள்ளும் உப்பும் தூவி அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். தகினாமி சாப்பிடும் குச்சிகளை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். அந்தச் சிவப்பு நிறத்தைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஏங்க, சாப்பிடலையா?"

"நான் காகிதத்தைச் சுத்திட்டேன், கினுகோ."

"என்னது?"

"சுருள் வரையச் சொன்னார். நான் கையை ஆட்டல. மூக்குக்குப் போடற மாதிரி கையை ஊனிக்கிட்டு, காகிதத்தைச் சுத்திட்டேன். அவர் பாக்கல."

கினுகோவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சோற்றைவிடச் சிவந்துவிட்டது.

"டாக்டரையே ஏமாத்திட்டு வந்தீங்களா? இதென்ன சங்கத்துப் போட்டியா, முதல் பரிசு குடுக்க? நோயைக் கண்டுபிடிங்கன்னு போயிட்டு, நோயை ஒளிச்சு வெச்சிட்டு வந்த ஆளை நான் இன்னிக்குத்தான் பாக்கிறேன்!"

"வேணும்னு பண்ணல. கை தானா..."

"கை தானா! அந்தக் கையைத்தானே காட்டப் போனீங்க!" அவள் அவர் முன்னாலிருந்த கிண்ணத்தை இழுத்து மூடிபோட்டு மூடினாள். "மூணு மணிக்கு மறுபடி திறப்பார். அந்த விமானத்தையும் எடுத்துக்குங்க. இந்தத் தடவை நானும் உள்ளே வருவேன். பக்கத்துலயே நிப்பேன்."

மூன்று மணிக்கு முதல் ஆளாக இருவரும் நின்றார்கள். தகினாமி டாக்டரின் மேசைமேல் அட்டைப்பெட்டியைத் திறந்து, மூக்கு முடியாத விமானத்தை எடுத்து வைத்தார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். எப்படிக் குச்சியை உருட்டுவது, எப்படிக் காகிதத்தைச் சுற்றினார் என்று செய்தும் காட்டினார்.

குனோ டாக்டருக்குக் கோபம் வரும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் விமானத்தை இறக்கைநுனி இரண்டிலும் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பத்தஞ்சு வருஷமா இந்தப் பரிசோதனையைச் செய்றேன். இதுல காப்பியடிச்ச முதல் ஆள் நீங்கதான், தகினாமி சான்."

பிறகு அவர் மேசையைவிட்டு நாற்காலியை விலக்கிப் போடச் சொன்னார். ஒரு பலகையில் காகிதத்தைச் செருகி நர்ஸ் அம்மாவைப் பிடிக்கச் சொன்னார். முழங்கை எதிலும் படக்கூடாது, இடக்கை முதுகுக்குப் பின்னால். தகினாமி வரைந்தார். கோடு பல்பல்லாக வந்தது. கண்ணாடிக்கு அடியில் ரகசியமாகப் பார்த்துவந்த அதே நடுக்கம், இப்போது மூன்று பேர் முன்னால் காகிதத்தில் கிடந்தது. கினுகோ அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. இப்போ பேனாவை வெச்சிடுங்க" என்றார் டாக்டர். "ரெண்டு கையையும் மடியில மல்லாத்திப் போட்டுட்டுச் சும்மா உட்காருங்க. என்னைப் பாத்து, நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லிட்டே வாங்க."

"தொண்ணூத்திமூணு. எண்பத்தாறு. எழுபத்தொம்பது. எழுபத்திரண்டு." தன் விமானங்களின் அளவான அந்த எண்ணில் தகினாமி ஒரு நொடி நின்றார்.

"விமானத்துக்குப் போயிடாதீங்க. மேலே சொல்லுங்க."

"அறுபத்தஞ்சு. அம்பத்தெட்டு..."

"போதும். இப்போ குனிஞ்சு கையைப் பாருங்க."

தகினாமி பார்த்தார். மடியில் இரண்டு கைகள் கிடந்தன. ஒரு விரல்கூட அசையவில்லை.

"உங்கப்பாவுக்கு எப்படி இருந்தது? யோசிச்சுச் சொல்லுங்க. எப்போ நடுங்கும்?"

யோசிக்கவே தேவையில்லை. வாடிக்கைக்காரர் இல்லாத நேரத்தில் அப்பா காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மடியில் கிடக்கும் வலக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஏதோ மாவை உருட்டுவதுபோல் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் தகினாமி ஒரு துண்டை எடுத்து அந்தக் கைமேல் போடுவார்.

"சும்மா இருக்கும்போதுதான்" என்றார். சொல்லும்போதே அவர் குரல் மாறியது. "கத்தியை எடுத்தா நின்னுடும். ஆரம்பத்துல அதனாலதான் யாருக்கும் தெரியல."

"உங்களுக்கு நேர்மாறு. வேலை செய்யும்போது மட்டும் வருது, ஓய்வுல இல்ல. இது வேற நடுக்கம். வயசோட எத்தனையோ பேருக்கு வரும். தொந்தரவு பண்ணும், மெதுவாக் கொஞ்சம் கூடவும் செய்யும், மாத்திரை இருக்கு. ஆனா உங்கப்பாவோடது இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றேன், அங்கேயும் காட்டி உறுதி பண்ணிக்குங்க." இரண்டு வாரம் கழித்து அங்கேயும் இதையேதான் சொன்னார்கள்.

தகினாமி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குளிர்காலம் முழுக்க இந்தக் கைகளை உற்று உற்றுப் பார்த்திருக்கிறார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் தூரிகை பிடித்த கையை. சும்மா இருக்கிற கையை அவர் பார்த்ததே இல்லை. அவை சும்மா இருந்ததும் இல்லை.

"இதைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றாள் கினுகோ. "தினம் சாயங்காலம் மல்யுத்தப் போட்டி பாக்கறேன்னு டிவி முன்னாடி வாயைப் பொளந்துட்டு உக்காந்திருப்பார், டாக்டர். கை ரெண்டும் கருங்கல்லு மாதிரி கிடக்கும்."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நீங்கதான் தோள் வலின்னீங்களே! நான் தோளைப் பாத்துட்டிருந்தேன்!"

சிரிக்கப் போன தகினாமிக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. விட்டுவிட்டார். இரண்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ வந்து எடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. அட்டைப்பெட்டியில் விமானத்துக்கு மெத்தையாக வைத்திருந்த மெல்லிய காகிதத்தை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். கினுகோ அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாதது அன்றைக்கு மட்டும்தான்.

"சவரம் செய்யலாமா, டாக்டர்?" அவர் முக்கியமாகக் கேட்க வந்தது அதுதான்.

"சுண்டுவிரலைக் கன்னத்துல ஊனித்தானே கத்தியைப் பிடிப்பீங்க? காகிதத்துல என்னை ஏமாத்தின வித்தை முகத்துலயும் பலிக்கும். வியாழக்கிழமை வர்றேன். எனக்கு நீங்கதான் செய்றீங்க." டாக்டர் கினுகோவைப் பார்த்துக் கொஞ்சம் குனிந்தார். "கினுகோ சான் தப்பா நினைக்கக் கூடாது. நீங்க பேசிட்டே செய்றீங்க, எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

வீட்டுக்கு வந்ததும் தகினாமி ஆறிப்போன சிவப்புச் சோற்றை இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். வெளிச்சம் போவதற்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து கூம்பைக் குச்சியில் செருகினார். மணிக்கட்டுகளை ஒட்டி, மூச்சைப் பிடித்து, ஒரே ஓட்டம். சுருள் இரண்டு இடத்தில் நெளிந்தது. பஞ்சுக்குச்சியை நோக்கிக் கை போனது. பாதி வழியில் திரும்பி வந்துவிட்டது. காய்ந்ததும் மூக்கை விமானத்தில் பொருத்தி, நாற்பத்திரண்டாவதாக அலமாரியின் முன்வரிசையில் வைத்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் குனோ டாக்டர் வந்தார். கடையில் இன்னும் இரண்டு பேர் கினுகோவின் நாற்காலிக்காகக் காத்திருந்தார்கள், ஒருவர் மீன்சந்தையில் ஏலம் கூறுகிறவர், இன்னொருவர் பாய் முடைகிறவர். டாக்டர் நேராகத் தகினாமியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். காத்திருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தகினாமி சூடான துண்டை அவர் முகத்தில் சுற்றி எடுத்தார். நுரை பூசினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு கத்தியைத் தோல்பட்டையில் தீட்டினார். சத்தம் கேட்டுக் கினுகோ தன் வேலையை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பினாள்.

டாக்டர் எதிர்க் கண்ணாடியில் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுரைக்கு நடுவிலிருந்து கடை முழுக்கக் கேட்கும்படி, "அந்தப் புது விமானத்துக்கு மூக்கு கொஞ்சம் கோணலா இருக்கே?" என்றார்.

தகினாமி கையில் கத்தியோடு நின்றார். காத்திருந்தவர்கள் இருவரும் அலமாரியை எட்டிப் பார்த்தார்கள். கினுகோவின் கத்தரிச் சத்தம் நின்றது. தோள், கண், இடுப்பு என்று சொல்ல அவரிடம் இன்னும் எவ்வளவோ இருந்தன.

"ஆமா, டாக்டர். எனக்குக் கை நடுங்கும்" என்றார்.

"அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு டாக்டர் கண்ணை மூடி, தொண்டை முழுக்கத் தெரியும்படி தாடையை நன்றாக மேலே தூக்கினார். தகினாமி சுண்டுவிரலை அவர் கன்னத்தில் ஊன்றினார். இடது கன்னம் முடிந்து வலது கன்னத்துக்கு வருவதற்குள் டாக்டர் குறட்டை விடத் தொடங்கியிருந்தார்.